பழைய சொகுசுக் காரைப் பழுதுபார்த்து வைத்திருப்பது தகுமா? புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஓர் இயந்திரத்தை எதுவரை பழுதுபார்த்துப் பயன்படுத்தலாம், எந்தக் கட்டத்தில் அதைக் கழித்துவிட வேண்டும் என்னும் வினாவுக்குப் பொறியாளர்களும் பொருளியலாளர்களும் காப்பீட்டாளர்களும் ஏறத்தாழ நூறாண்டுகளாக விடை கூறி வந்திருக்கிறார்கள். இராணுவ வண்டிகளையும் நகரப் பேருந்துகளையும் பயணிகள் விமானங்களையும் ஆராய்ந்து உருவான அந்த விடைகளை இன்று தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் வேறொரு பொருளின்மீது பொருத்திப் பார்க்கும் தேவை எழுந்துள்ளது. புதிதாக வந்தபோது நாற்பது, ஐம்பது லட்சம் ரூபாய்க்கு விற்ற மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி செடான்கள், அதாவது பின்புறம் தனி டிக்கி கொண்ட நான்கு கதவுக் கார்கள், பன்னிரண்டு அல்லது பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புதிய சிறிய காரின் விலைக்கோ அதனினும் குறைவாகவோ கைமாறுகின்றன. வாங்கும் விலை இவ்வாறு வீழ்ந்தாலும் பழுதுபார்க்கும் செலவு வீழ்வதில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே இக்கட்டுரையின் பொருள். புதுக்கோட்டை போன்ற, பெருநகர் அல்லாத ஒரு மாவட்டத்தில் அந்த இடைவெளி எவ்வாறு விரிகிறது என்பதும், இதுவரை சொல்லப்பட்ட விடைகள் அதை எந்த அளவுக்கு விளக்குகின்றன என்பதும் கீழே ஆராயப்படுகின்றன.

சொகுசு வெளியிலிருந்து உள்ளே சென்ற வரலாறு

புதுக்கோட்டைக்கு மோட்டார் வண்டி புதிதன்று. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே, 1910களின் தொடக்கத்தில், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பேருந்துகள் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடத் தொடங்கிவிட்டன. பர்மாவிலும் மலேயாவிலும் பொருளீட்டிய நகரத்தார் ராயவரம், அரிமளம், கடியாபட்டி, பொன்னமராவதி வட்டாரங்களில் எழுப்பிய பெருவீடுகளோடு காரும் குடும்ப மதிப்பின் அடையாளமாயிற்று. பிற்காலத்தில் சிங்கப்பூர், வளைகுடா வருமானம் அதே விருப்பத்தைப் பல சமூகங்களுக்கும் பரப்பியது. எனவே இம்மாவட்டத்தில் பழைய சொகுசுக் காரை வாங்குவோரின் நோக்கத்தை வெறும் போக்குவரத்துத் தேவையாகக் கணக்கிடும் ஆய்வு தொடக்கத்திலேயே பிழைபட நேரும்.

ஆயினும் பழுது என்னும் நோக்கில் பார்க்கும்போது, இந்தியச் சொகுசுக் காரின் வரலாற்றில் தெளிவான ஒரு பிளவு தெரிகிறது. 1984இல் வந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா, பிரிட்டனின் வாக்ஸால் காரின் உடலைக் கொண்டிருந்தது. அதன் முதல் எஞ்சினோ அம்பாசிடரில் இருந்த அதே 1.5 லிட்டர் எஞ்சின். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் தயாரித்த ஸ்டாண்டர்ட் 2000, ரோவர் எஸ்.டி.1 என்னும் புகழ்பெற்ற பிரிட்டிஷ் காரின் தோற்றத்தோடு வந்தது. அதன் உள்ளே இருந்ததோ 1940களின் வேன்கார்டு காரிலிருந்து வந்த 1,991 சி.சி. எஞ்சின். விலை மிகுதியும் எரிபொருள் செலவும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே அந்தக் காரின் உற்பத்தியை நிறுத்திவிட்டன. இவ்விரு கார்களிலும் சொகுசு என்பது உடலிலும் இருக்கையிலும் இருந்ததே தவிர இயக்கத்தில் இல்லை. அதனால் அவற்றின் எஞ்சினை எந்த ஊர் லேத் பட்டறையிலும் போர் அடித்து, பிஸ்டன் மாற்றி ஓடவைக்க முடிந்தது. கிடைக்காமல் போனவை கண்ணாடியும் விளக்கும் கதவு ரப்பருமே.

மெர்சிடிஸ் பென்ஸ் 1995இல் புனேயில் பொருத்தத் தொடங்கிய டபிள்யூ 124 வகை இ-கிளாஸ் இந்தப் பிளவின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதன் டீசல் வடிவத்தின் ஊசிப்பம்பு இயந்திர முறையில் இயங்கியது; திறமையான டீசல் மெக்கானிக் ஒருவர் அதைக் கையாளக்கூடும். 2007இல் செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறக்கப்பட்டபின் வந்த கார்களில் நிலைமை தலைகீழாகிறது. சொகுசு இப்போது காற்று நிரப்பிய சஸ்பென்ஷனாகவும், ஆறு கியர் தானியங்கிப் பெட்டியாகவும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல டஜன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளாகவும் காரின் உள்ளுக்குள் குடியேறிவிட்டது. இன்று முதுமையடைந்துவரும் கார்கள் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவையே.

எங்கே பழுதாகிறது

இத்தலைமுறைக் கார்களில் மிகுதியாகக் காணப்படும் பழுதுகள் எஞ்சினின் இரும்பிலிருந்து தொடங்குவதில்லை. அதைச் சூழ்ந்துள்ள பிளாஸ்டிக்கிலிருந்தும் ரப்பரிலிருந்தும் தொடங்குகின்றன. குளிர்விப்பு அமைப்பு இதற்கு முதல் எடுத்துக்காட்டு. எஞ்சினைச் சுற்றி ஓடி வெப்பத்தை அகற்றும் கூலன்ட் என்னும் திரவத்தைத் தாங்கும் விரிவுத் தொட்டி, தெர்மோஸ்டாட் உறை, குழாய் இணைப்புகள் ஆகியவை எடை குறைப்புக்காகப் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டன. ஆண்டுக்கணக்கில் சூடேறிக் குளிரும் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுகிறது. கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் புதுக்கோட்டை வெயிலில், குளிரூட்டி முழுவதும் இயங்க, போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரில் அந்த முதிர்வு விரைவாகும் என்று எதிர்பார்க்கலாம். கசிவு ஏற்பட்டதும் வழியில் கிடைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவது வழக்கம். அந்நீரின் உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து, சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பழுதை அலுமினிய சிலிண்டர் தலை வளைவது வரை கொண்டுசெல்கின்றன. வெப்பநிலை காட்டும் முள்ளே இல்லாத சில பி.எம்.டபிள்யூ. மாதிரிகளில், எச்சரிக்கை வரும்போது சேதம் தொடங்கியிருக்கவும் கூடும்.

காற்று சஸ்பென்ஷன் இரண்டாவது. இரும்புச் சுருளுக்குப் பதிலாக, அழுத்தமூட்டிய காற்று நிறைந்த ரப்பர்ப் பை காரைத் தாங்குகிறது. அந்த ரப்பர் பத்தாண்டுகளில் வெடிப்பு விடத் தொடங்கும். சிறு கசிவை ஈடுசெய்ய அழுத்தி என்னும் கம்ப்ரசர் இடைவிடாது ஓடி, இறுதியில் தானும் எரிந்துபோகிறது. முதலில் ஒரு பையை மட்டும் மாற்றியிருந்தால் போதுமாயிருந்த செலவு, இப்போது பை, அழுத்தி, வால்வு என மூன்றாகிவிடுகிறது. நிறுவனத்தின் அசல் பாகத்தை வாங்கினால் ஒரு சக்கரத்துக்கே லட்சம் ரூபாயை ஒட்டிய தொகை ஆகக்கூடும். ரப்பர்ப் பையை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் பெருநகரங்களில் அதைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் செய்கின்றன. அவ்வேலையின் ஆயுள் சீராக இருப்பதில்லை.

தானியங்கி கியர்பெட்டி பற்றிய விவாதம் தனிக் கவனத்துக்குரியது. பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட பல நிறுவனங்கள் பயன்படுத்திய, ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் ஆறு கியர் பெட்டிக்கு வாழ்நாள் எண்ணெய் ஊற்றப்பட்டிருப்பதாகவும், அதை மாற்ற வேண்டியதில்லை என்றும் கார் நிறுவனங்கள் கூறின. பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் எண்ணெயை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளக் காரின் வாழ்நாள் யாருடைய கணக்கில் அளக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். முதல் உரிமையாளர் வைத்திருக்கும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளே வாழ்நாள் எனக் கொண்டால் நிறுவனத்தின் கூற்று சரி. மூன்றாம் உரிமையாளருக்கு அது பொருந்தாது. இம்மாவட்டத்துக்கு வந்து சேரும் கார்களில் பல ஏற்கெனவே கைமாறியவை. எண்ணெய் கெட்டபின் கியர்பெட்டியின் உள்ளே இருக்கும் மெக்கட்ரானிக், அதாவது எண்ணெய் வால்வுகளும் மின்னணுக் கட்டுப்பாடும் ஒன்றாய் அமைந்த தொகுதி, பழுதாகும்போது செலவு லட்சங்களில் செல்கிறது.

2007 முதல் வந்த பி.எம்.டபிள்யூ. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினின் டைமிங் செயினும் இங்குக் குறிப்பிடத்தக்கது. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவில் வைக்கும் இந்தச் சங்கிலி, எஞ்சினின் முன்புறத்தில் இல்லாமல் கியர்பெட்டியை ஒட்டிய பின்புறத்தில் அமைக்கப்பட்டது. தொடக்ககாலத் தயாரிப்புகளில் சங்கிலி தேய்ந்து அறுந்ததும், அறுந்தபின் பிஸ்டன் வால்வுகளை மோதி எஞ்சினே வீணானதும் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. சங்கிலியின் விலை பெரிதன்று. அதை எட்ட எஞ்சினையோ கியர்பெட்டியையோ இறக்க வேண்டியிருப்பதே செலவின் பெரும்பகுதி. மெர்சிடிஸ் 2002இல் இ-கிளாஸில் கொண்டுவந்த மின்னணு பிரேக் அமைப்பு வேறொரு வகை: உலக அளவில் இருமுறை கார்கள் திரும்ப அழைக்கப்பட்டபின் அந்நிறுவனமே 2006இல் அதைக் கைவிட்டது, அதற்கு முன் விற்ற கார்கள் அந்த அமைப்போடேயே முதுமையடைகின்றன.

மின்னணுப் பழுதுகள் பட்டியலிட முடியாத அளவுக்கு விரிந்தவை. பேட்டரி வலுவிழந்தாலே தொடர்பில்லாத பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பிழைச் செய்தி காட்டத் தொடங்கும். புதிய பேட்டரி பொருத்தினாலும் அதைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டிய மாதிரிகள் உண்டு. வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர்களில் நீண்ட நாள் நிறுத்திவைக்கப்படும் கார்களில் எலி கடித்த வயர்கள் பொதுவான தொல்லை. சாதாரணக் காரில் அது ஒட்டிச் சரிசெய்யும் வேலை. இங்கோ எந்த வயர் எந்தப் பெட்டிக்குச் செல்கிறது என்னும் வரைபடம் இல்லாமல் தொடங்கவே முடியாத வேலை.

பொருளாதார ஆயுள் என்னும் கணக்கு

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்னும் வினாவுக்கு முதலில் கணித வடிவம் தந்தவர்கள் 1920களின் அமெரிக்கப் பொருளியலாளர்கள். டெய்லர் 1923இலும் ஹரால்டு ஹோட்டலிங் 1925இலும் முன்வைத்த கருத்தின் சாரம், ஓர் இயந்திரத்தின் சராசரி ஆண்டுச் செலவு மிகக் குறைவாக அமையும் வயதே அதன் பொருளாதார ஆயுள் என்பதாகும். இளவயதில் தேய்மானம், அதாவது விற்பனை மதிப்பின் வீழ்ச்சி, மிகுதி. முதுமையில் பழுதுச் செலவு மிகுதி. இரண்டின் கூட்டுத்தொகை இடையில் ஓரிடத்தில் தாழ்கிறது. பழைய சொகுசுக் காரை ஆதரிப்போர் இக்கணக்கின் முதற்பாதியைப் பற்றிக்கொள்கிறார்கள்: தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் ஏற்றுவிட்டார், அடுத்தவர் பழுதுச் செலவை மட்டும் ஏற்றால் போதும் என்பது அவர்கள் வாதம்.

1967இல் டிரிங்க்வாட்டரும் ஹேஸ்டிங்ஸும் பிரிட்டிஷ் இராணுவ வண்டிகளை ஆராய்ந்து வேறொரு விதியை முன்வைத்தனர். வண்டியின் வயதைக் கொண்டு முடிவெடுக்காமல், ஒவ்வொரு பழுதின்போதும் மதிப்பிடப்பட்ட செலவைப் பார்க்க வேண்டும். அது அந்த வயதுக்குரிய பழுது வரம்பைத் தாண்டினால் வண்டியைக் கழித்துவிட வேண்டும். இந்தியக் காப்பீட்டு நடைமுறையிலும் இதன் நிழல் உண்டு. விபத்துப் பழுதின் செலவு காருக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கார் முழுச் சேதமடைந்ததாகக் கொள்ளப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரின் மதிப்பு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. ஆறு லட்சம் மதிப்பிட்ட ஒரு காரில் முன்விளக்கு, பம்பர், ரேடியேட்டர், இரு பாதுகாப்புக் காற்றுப்பைகள் சேதமானாலே அந்த எல்லையை எட்டிவிட வாய்ப்புண்டு. ஏனெனில் உதிரிப்பாக விலை காரின் இன்றைய விலையைப் பின்தொடராமல் அது புதிதாக விற்ற விலையைப் பின்தொடர்கிறது. அத்துடன், சாதாரணக் காப்பீடு தேய்வினாலும் இயந்திர, மின்சாரக் கோளாறினாலும் வரும் பழுதுகளை ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துக் கருத வேண்டும்.

பழுது வரம்பு அணுகுமுறையின் பலவீனம், பழுதின் செலவு முன்கூட்டியே சரியாக மதிப்பிடப்படும் என்னும் நம்பிக்கையில் உள்ளது. இராணுவப் பட்டறைக்கு அது பொருந்தும். 1987இல் ஜான் ரஸ்ட் அமெரிக்காவின் மேடிசன் நகரப் பேருந்துப் பணிமனைத் தலைவரின் எஞ்சின் மாற்று முடிவுகளை ஆராய்ந்த கட்டுரையும், ஒரே வகை எஞ்சின்களைப் பல ஆண்டுகள் கையாண்ட ஒருவரின் தீர்ப்பையே ஆராய்ந்தது. ஊரில் ஒன்றிரண்டே உள்ள ஒரு காரின் கியர்பெட்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு அத்தகைய ஒப்பீட்டு அனுபவம் வாய்ப்பதில்லை. அவருடைய திறமைக் குறைவன்று அது, எண்ணிக்கைக் குறைவு.

வயதா, நிலையா

1978இல் அமெரிக்க யுனைடெட் விமான நிறுவனத்தின் நவ்லானும் ஹீப்பும் வெளியிட்ட அறிக்கை பராமரிப்பியலின் அடிப்படையையே மாற்றியது. விமான உறுப்புகளுள் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே வயது கூடக்கூடத் தெளிவாகப் பழுதடைந்தன. மற்றவை வயதோடு நேர்த்தொடர்பு காட்டவில்லை. எனவே குறிப்பிட்ட காலத்தில் கட்டாயமாகக் கழற்றி மாற்றுவதைவிட, நிலையைத் தொடர்ந்து கண்காணிப்பதே மேல் என்பது அவர்கள் முடிவு. நன்கு பராமரிக்கப்பட்ட பதினைந்து ஆண்டுக் கார், புறக்கணிக்கப்பட்ட எட்டு ஆண்டுக் காரைவிடச் சிறந்தது என்று மெக்கானிக்குகள் சொல்லும் அனுபவ உண்மைக்கு இது அறிவியல் துணை எனலாம்.

எனினும் இதை அப்படியே காருக்குப் பொருத்துவதில் தயக்கம் வேண்டும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயதால் முதிரும் அந்தச் சிறு விழுக்காட்டைச் சேர்ந்தவை. மேலே கண்டபடி, சொகுசுக் காரின் பெரும்பழுதுகள் பல அவற்றிலிருந்தே கிளைக்கின்றன. மேலும் நிலையைக் கண்காணிக்கக் கருவி வேண்டும். எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஸ்கேனர் இன்று சிறு நகர ஒர்க் ஷாப்களிலும் உண்டு. அது எஞ்சினின் பொதுப் பிழைக் குறியீடுகளை வாசிக்கும். காற்று சஸ்பென்ஷனின் அளவைத் திருத்தவும், கியர்பெட்டிக்கு மென்பொருள் ஏற்றவும், புதிய கட்டுப்பாட்டுப் பெட்டியைக் காரோடு இணைக்கவும் நிறுவனத்தின் தனி மென்பொருள் தேவைப்படுகிறது. புதுக்கோட்டையிலிருந்து அத்தகைய வசதியைத் தேடித் திருச்சிக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ செல்ல நேரும்போது, கயிறு கட்டி இழுத்துச் செல்லும் உள்ளூர் வழக்கமும் ஆபத்தாகிறது: எஞ்சின் ஓடாதபோது தானியங்கிப் பெட்டியின் எண்ணெய்ப் பம்பு இயங்காது, சக்கரங்கள் சுழல உள்ளுறுப்புகள் எண்ணெயின்றித் தேயும். காரை முழுமையாக ஏற்றிச் செல்லும் தட்டு வண்டியின் வாடகை, பழுது என்ன என்று தெரியும் முன்பே செலவில் சேர்கிறது.

விற்பவர் அறிவதும் வாங்குபவர் அறியாததும்

1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதி, 2001இல் நோபல் பரிசுக்கு அடிப்படையான கட்டுரை பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. காரின் உண்மை நிலை விற்பவருக்கு மட்டும் தெரியும்போது, வாங்குபவர் சராசரித் தரத்துக்கே விலை சொல்வார். நல்ல காரின் உரிமையாளர் அவ்விலைக்கு விற்க மறுத்து விலகுவார். சந்தையில் மோசமானவை மிஞ்சும். எரிக் பாண்ட் 1982இல் பிக்கப் வண்டிகளை வைத்து இதைச் சோதித்தபோது, கைமாறிய வண்டிகளுக்கு அதே வயதுள்ள மற்றவற்றைவிட மிகுந்த பழுது வந்ததாகத் தெரியவில்லை. மிகப் பழைய வண்டிகளில் மட்டும் அகர்லாஃபின் கருத்துக்குச் சாதகமான சில தடயங்கள் பின்னர் கண்டறியப்பட்டன.

தமிழ்நாட்டுச் சூழலில் அகர்லாஃபின் பக்கமே வலுவாகத் தோன்றுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய சொகுசுக் கார்கள் பல காப்பீட்டு நிறுவனங்களால் ஏலம் விடப்பட்டன. நீர் புகுந்த காரின் மின்னணு இணைப்புகளில் துரு வெளிப்பட மாதங்கள் ஆகும். டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் கார்களை ஓட்டக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்து, உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த தடையும், 2025இல் அதன் கடுமை தளர்த்தப்படும் வரை, அங்குள்ள டீசல் சொகுசுக் கார்களின் விலையைச் சரித்து வேறு மாநிலங்களுக்கு அனுப்பியது. அவ்வாறு வரும் காரின் பராமரிப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பது கடினம். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவதும் நடக்கிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் தடையின்மைச் சான்றோடு மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுச் சாலை வரியும் கட்ட வேண்டும். மலிவாகத் தோன்றிய விலையோடு இவற்றையும் கூட்டிப் பார்க்காத கணக்கு முழுமையானதன்று.

உதிரிப்பாகம் யார் கையில்

மேற்கண்ட மூன்று நிலைப்பாடுகளும் பழுதின் விலையை இயற்கையாக அமைந்ததாகக் கொள்கின்றன. அவ்விலை சந்தை அதிகாரத்தால் உருவாக்கப்பட்டது என்பது நான்காவது நிலைப்பாடு. சம்ஷேர் கடாரியா என்பவரின் புகாரின்பேரில் விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டு 25இல் மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் தனிப்பட்ட ஒர்க் ஷாப்களுக்குக் கிடைக்காமல் தடுத்தது போட்டிக்கு எதிரானது என்பது அதன் முடிவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் இடம்பெற்றன.

நிறுவனங்களின் எதிர்வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. பிரேக், காற்றுப்பை போன்றவற்றில் பயிற்சியற்ற கை உயிருக்கு ஆபத்து. திருட்டுத் தடுப்பு மென்பொருளைத் திறந்துவிடுவதும் சிக்கல். ஆயினும் கூலன்ட் தொட்டிக்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கும் அவ்வாதம் பொருந்தாது. அவற்றை அதே தொழிற்சாலை நிறுவனத்தின் சின்னமின்றித் தன் பெயரில் விற்கும்போது விலை கணிசமாகக் குறைவதே இதற்குச் சான்று. நடைமுறையில் சிறு நகர மெக்கானிக் மூன்று வழிகளை நாடுகிறார்: சின்னமில்லாத அசல் பாகம், சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய பாகம், போலி. மூன்றையும் பிரித்தறியும் அறிவு பெரிதும் அனுபவத்தால் வருவது. அதை எழுத்தில் வைத்த கையேடு தமிழில் கிடைப்பதே அரிது.

அரசின் போக்கு வேறு திசையில் செல்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் இத்தொகைகள் இரட்டிப்பாயின. பழைய வண்டியைச் சாலையிலிருந்து அகற்றுவதே நோக்கம். மாசு குறித்த கவலை நியாயமானது. அதே வேளையில், பழுதுபார்க்கும் உரிமையும் கழிக்கும் ஊக்கமும் ஒரே அரசின் இரு துறைகளிலிருந்து வருவதை இணைத்துப் பார்க்கும் முயற்சி தேவைப்படுகிறது.

தீராத வினாக்கள்

கணக்கு நிலைப்பாடு செலவை அறிந்த ஒருவரையும், நிலைசார் பராமரிப்பு கருவி கொண்ட ஒருவரையும், சந்தை நிலைப்பாடு விலைகொடுத்தால் சோதித்துத் தரும் ஒருவரையும் முன்னிறுத்துகின்றன. அந்த ஒருவர் திருச்சியில் கிடைக்கலாம். அறந்தாங்கியிலோ கந்தர்வகோட்டையிலோ கிடைப்பது அரிது. எனவே ஒரே காருக்கு இரு ஊர்களில் இரு பொருளாதார ஆயுள் இருக்கக்கூடும் என்னும் முடிவு தவிர்க்க முடியாததாகத் தோன்றுகிறது. இயந்திர ஊசிப்பம்பு கொண்ட பழைய டீசல் பென்ஸ் இம்மாவட்டத்தில் இன்னும் பல ஆண்டுகள் ஓடத் தகுந்ததாகவும், அதைவிடப் பத்தாண்டு இளைய, காற்று சஸ்பென்ஷன் கொண்ட செடான் ஏற்கெனவே ஆயுள் முடிந்ததாகவும் இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

இம்முடிவு எந்த அளவுக்கு நிலைக்கும் என்பது இன்னும் திறந்தே உள்ளது. பழுதறியும் மென்பொருளைத் தொலைவிலிருந்து இயக்கும் சேவைகள் பரவினால் ஊர்த் தொலைவின் சுமை குறையக்கூடும். கட்டுப்பாட்டுப் பெட்டிகளை ஒவ்வொரு காரோடும் குறியீட்டால் பூட்டும் போக்கு வளர்ந்தால், புதுப்பேட்டையில் கழற்றிய பாகமும் பயனற்றுப்போய் அச்சுமை கூடும். இவ்விரண்டில் எது முந்தும் என்பதைப் போட்டி ஆணையத்தின் தீர்ப்பு நடைமுறையில் பெறும் வடிவம் ஓரளவு தீர்மானிக்கும். வேறொரு வினா தொழிற்பயிற்சியைச் சார்ந்தது: மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெறும் இளைஞருக்கு, பல பெட்டிகள் ஒரே இணைப்பில் பேசும் காரில் பழுதைத் தேடும் முறை தமிழில் முறையாகக் கற்பிக்கப்பட்டால், இங்குக் குறிப்பிட்ட செலவுகளில் எவ்வளவு தவறான பழுதறிதலால் மட்டும் விளைந்தது என்பதை முதன்முறையாக அளக்க வழி பிறக்கும்.